நாற்பது ரூபாய் ஐம்பத்தோரு காசு: ஒரு பங்கின் பழைய விலையை வாசிப்பது எப்படி?

பொதுத்துறைப் பங்கு விற்பனையை எதிர்த்து நடைபெறும் வாயிற்கூட்டங்களில் ஒரு கணக்கு எளிதாகக் கைதட்டல் பெறக்கூடியது. இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் பங்கு 2002ஆம் ஆண்டில் 40 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதே பங்கு 2024இல் 500 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆகவே பொதுச் சொத்து பன்னிரண்டில் ஒரு பங்கு விலைக்குப் போய்விட்டது என்பதே அந்தக் கணக்கு.

இக்கணக்கு தவறானது. உண்மையை மிகைப்படுத்துவதால் அல்ல, பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவதால் தவறானது. அந்தப் பங்கின் விலை ஏறியது 12 மடங்கு அல்ல; சுமார் 125 மடங்கு. தன் பக்கம் இருக்கும் உண்மையின் அளவே தெரியாமல் ஒரு இயக்கம் வாதாடினால், எதிர்த்தரப்பின் கணக்காளர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டாலே மேடை தடுமாறும்.

பங்குச் சந்தை முதலாளிகளின் சூதாட்டக்கூடம், அதன் எண்களுடன் உழைக்கும் வர்க்கத்துக்கு என்ன உறவு என்ற எண்ணம் இடதுசாரி அணிகளில் இன்னமும் உண்டு. அந்த எண்ணத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஆனால் பொதுத்துறை நிறுவனம் எந்த விலைக்குப் போனது, அந்த விலையை யார் வகுத்தது, ஆதாயம் யார் கைக்குச் சென்றது என்பதையெல்லாம் அறிய உதவும் ஆவணங்களுள் பழைய பங்கு விலைப் பட்டியலும் ஒன்று. மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் ஒவ்வொரு நிறுவனத்தின் நாள்வாரி விலையையும் பொதுவெளியில் வைத்துள்ளன. கட்டணம் ஏதுமில்லை. தேவைப்படுவது அதை வாசிக்கும் பயிற்சி மட்டுமே. அந்தப் பயிற்சிக்கு இந்துஸ்தான் ஜிங்கைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

விற்கப்பட்டது என்ன?

1966இல் பொதுத்துறை நிறுவனமாகத் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஜிங்க், ராஜஸ்தானின் உதய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. ஜாவர் சுரங்கங்களும், பில்வாரா மாவட்டத்தின் ராம்புரா அகூச்சா சுரங்கமும் அதன் செல்வம். அகூச்சாவின் கனிமப் படிவு 1970களில் கண்டறியப்பட்டு, 1991இல் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. துத்தநாகம், ஈயம் ஆகியவற்றுடன் வெள்ளியும் அங்கே கிடைக்கிறது. நாட்டின் மிகப் பெரிய துத்தநாக வளம் பொதுப்பணத்தில் உருவாகி, பொதுத்துறையின் கையில் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாராளமயக் கொள்கையை ஒட்டி ஒரு பகுதிப் பங்குகள் சந்தையில் விற்கப்பட்ட பின்னரும் 75.92 விழுக்காடு ஒன்றிய அரசிடம் இருந்தது. வாஜ்பாய் தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு, பங்கு விற்பனைக்கென்றே ஓர் அமைச்சகத்தை அமைத்து, அருண் ஷோரியை அதற்கு அமைச்சராக்கியது. 2001இல் பால்கோவின் 51 விழுக்காட்டுப் பங்குகள் 551.50 கோடி ரூபாய்க்கு ஸ்டெர்லைட் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டன. அதை எதிர்த்துக் கோர்பாவின் தொழிலாளர்கள் இரண்டு மாதங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். மறு ஆண்டு, 2002 ஏப்ரலில், இந்துஸ்தான் ஜிங்கின் 26 விழுக்காடும் அதே குழுமத்துக்குச் சென்றது. விலை 445 கோடி ரூபாய். பங்கு ஒன்றுக்கு 40 ரூபாய் 51 காசு. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 உயிர்கள் பறிபோன போராட்டம் எந்த ஆலைக்கு எதிராக நடந்ததோ, அந்த ஆலையை நடத்திய குழுமம்தான் இது.

26 விழுக்காட்டுடன் நிர்வாகக் கட்டுப்பாடும் கைமாறியது. சட்டப்படி பொதுப் பங்குதாரர்களிடமிருந்து மேலும் 20 விழுக்காட்டை அக்குழுமம் வாங்கியது. 2003 ஆகஸ்டில், ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்த உரிமையைப் பயன்படுத்தி, அரசிடமிருந்து மேலும் 18.92 விழுக்காட்டைப் பெற்றது. அதற்குக் கொடுத்த தொகை சுமார் 324 கோடி ரூபாய். ஓராண்டுக்கும் மேல் கடந்திருந்தும் பங்கு ஒன்றுக்கு அதே பழைய விலைதான். அரசு 44.92 விழுக்காட்டை இழந்து மொத்தமாகப் பெற்றது ஏறத்தாழ 769 கோடி ரூபாய்.

பத்தாகப் பிரிந்த பங்கு

இப்போது விலைப் பட்டியலுக்கு வரலாம். 2002இல் இந்துஸ்தான் ஜிங்க் பங்கு ஒன்றின் முகமதிப்பு 10 ரூபாய். மொத்தப் பங்குகள் சுமார் 42.25 கோடி. 2011 மார்ச்சில் நிறுவனம் இரண்டு காரியங்களைச் செய்தது. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் 2 ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாகப் பிரித்தது. பின்னர் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு போனஸ் பங்கு வழங்கியது. ஒன்று ஐந்தாகி, ஐந்து பத்தானது. மொத்தப் பங்குகள் 422.53 கோடியாயின. நிறுவனத்தின் சுரங்கத்தில் ஒரு கிலோ தாது கூடவில்லை, குறையவுமில்லை. ஒரே ரொட்டி பத்துத் துண்டுகளாக வெட்டப்பட்டது, அவ்வளவே. தொழிலாளி தீபாவளிக்குப் போராடிப் பெறும் போனசுக்கும் இந்தப் போனசுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை.

ஆனால் விலைப் பட்டியலில் இதன் விளைவு பெரிது. பங்குகள் பத்து மடங்கானதும் ஒரு பங்கின் விலை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும். அன்றன்று பதிவான விலைகளை அப்படியே கோடாக வரைந்தால், 2011 மார்ச்சில் நிறுவனம் ஒரே நாளில் தொண்ணூறு விழுக்காடு மதிப்பை இழந்தது போன்ற தோற்றம் கிடைக்கும். உண்மையில் எவரும் ஒரு காசும் இழக்கவில்லை. இந்தத் தோற்றப் பிழையை நீக்க, பிரிப்புக்கு முந்தைய விலைகள் அனைத்தையும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். 40.51 ரூபாய் என்பது இன்றைய பங்கின் கணக்கில் 4 ரூபாய் 5 காசு.

இந்தச் சரிக்கட்டல் தொழிற்சங்க ஊழியர்களுக்குப் புதிதன்று. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 1982இலிருந்து 2001க்கு மாறியபோது 4.63 என்ற இணைப்பு எண்ணும், 2001இலிருந்து 2016க்கு மாறியபோது 2.88 என்ற இணைப்பு எண்ணும் வந்தன. அந்த எண்ணால் பெருக்காமல் பழைய புள்ளிகளையும் புதிய புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பஞ்சப்படி கேட்கும் சங்கத் தலைவர் எவரும் இல்லை. பங்கு விலையிலும் விதி அதுவே. அடிப்படை மாறியிருக்கிறதா என்று பாராமல் இரண்டு ஆண்டுகளின் விலையை அருகருகே வைக்கக்கூடாது.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு தன்னிடம் எஞ்சிய பங்குகளில் ஒரு பகுதியைக் குறைந்தபட்ச விலை 505 ரூபாய் என அறிவித்து விற்றது. 505ஐ 4.05ஆல் வகுத்தால் ஏறத்தாழ 125. வேறு வகையில் சொன்னால், 2002இல் 100 பங்குகளுக்குக் கொடுக்கப்பட்ட விலை 4,051 ரூபாய். அந்த 100 பங்குகள் 1,000 ஆகி, 2024இல் 5,05,000 ரூபாய் பெறும் சொத்தாக நின்றன.

வரைபடம் காட்டாத பணம்

125 மடங்கும் முழுக் கணக்கன்று. விலைக் கோடு பங்கின் விலையை மட்டுமே காட்டும். இடையில் பங்குதாரர் பையில் விழுந்த ஈவுத்தொகையைக் காட்டாது. ஈவுத்தொகை வழங்கப்படும்போது நிறுவனத்தின் கருவூலத்திலிருந்து பணம் வெளியேறுவதால் பங்கின் விலை அந்த அளவுக்குக் குறையும் போக்குடையது. ஆகவே பெருமளவில் ஈவுத்தொகை தரும் நிறுவனத்தின் விலை வரலாறு, அதன் உரிமையாளர் அடைந்த ஆதாயத்தைக் குறைத்தே காட்டும்.

2016இல் இந்துஸ்தான் ஜிங்க் தன் பொன்விழாவை ஒட்டிப் பங்கு ஒன்றுக்கு 24 ரூபாய் சிறப்பு ஈவுத்தொகை அறிவித்தது. மொத்தம் 10,141 கோடி ரூபாய். 4 ரூபாய் 5 காசுக்கு வாங்கிய பங்குக்கு ஒரே தவணையில் 24 ரூபாய். 2022-23 நிதியாண்டில் நான்கு தவணைகளில் வழங்கப்பட்டது பங்கு ஒன்றுக்கு 75 ரூபாய் 50 காசு. மொத்தம் ஏறத்தாழ 31,900 கோடி ரூபாய். அரசு விற்றுவிட்ட 44.92 விழுக்காட்டுக்கு உரிய பகுதி மட்டும் அந்த ஓர் ஆண்டில் சுமார் 14,300 கோடி ரூபாய். அந்தப் பங்குகளை விற்று அரசு பெற்றது 769 கோடி. விற்ற தொகையைப் போலப் பதினெட்டு மடங்குக்கும் மேல் ஒரே ஆண்டில் ஈவுத்தொகையாக வேறு கைகளுக்குச் சென்றது.

இங்கும் நேர்மையான ஒரு குறிப்பு அவசியம். அந்த ஆண்டில் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 10,500 கோடி ரூபாய்தான். லாபத்தைப் போல மூன்று மடங்கு பணம், பல ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. ஆகவே ஆண்டுதோறும் 14,300 கோடி போகிறது என்று எழுதுவது பொய்யாகிவிடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதனால் மேலும் கூர்மையடைகிறது. சுரங்கத்தின் ஆழப்படுத்தலுக்கும், தொழிலாளர் பாதுகாப்புக்கும், மாசு அகற்றலுக்கும், ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரப்படுத்துவதற்கும் பயன்பட்டிருக்கக்கூடிய இருப்பு, யாருடைய தேவைக்காக அவ்வளவு அவசரமாகக் காலி செய்யப்பட்டது? ஊதியப் பேச்சுவார்த்தையில் நிதிநிலைமை சரியில்லை என்று நிர்வாகம் கூறும்போது, எதிரே வைக்க வேண்டிய முதல் தாள் ஈவுத்தொகைப் பட்டியலே.

நான்கு மடங்கான விலைவாசி

மூன்றாவது சரிக்கட்டல் விலைவாசி. 2002இன் ரூபாயும் 2024இன் ரூபாயும் ஒன்றல்ல. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின்படி இக்காலத்தில் விலைவாசி ஏறத்தாழ நான்கு மடங்காகியுள்ளது. 4 ரூபாய் 5 காசு என்பது 2024இன் வாங்கும் சக்தியில் 16 ரூபாய் சொச்சம். அதன்படி பங்கின் மெய்யான விலையேற்றம் சுமார் 30 மடங்கு. 125 என்ற எண்ணை மட்டும் முழங்கிவிட்டு இதை மறைப்பது சரியன்று. 30 மடங்கு என்பதே போதுமான குற்றப்பத்திரிகை. அதே காலத்தில் எந்தச் சுரங்கத் தொழிலாளியின் மெய்யூதியமும் 30 மடங்காகவில்லை என்பதை நிறுவப் புள்ளிவிவரம் தேவையில்லை.

சந்தை என்பது எவ்வளவு பெரிய இடம்?

விலையை வாசிப்பவர் அடுத்துக் கேட்க வேண்டியது, அந்த விலையை எத்தனை பேர் சேர்ந்து தீர்மானித்தார்கள் என்பது. 2003க்குப் பின் இந்துஸ்தான் ஜிங்கின் 64.92 விழுக்காடு வாங்கிய குழுமத்திடம் இருந்தது. 1.46 விழுக்காடு ஊழியர்களுக்கு விற்கப்பட்டபின் அரசிடம் எஞ்சியது 29.54 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் 94.46. மீதமிருந்த ஐந்தரை விழுக்காட்டுப் பங்குகள்தான் உண்மையில் கைமாறக்கூடியவை. நூறு ஏக்கர் கிராமத்தில் ஐந்தரை ஏக்கர் மட்டுமே விற்பனைக்கு வந்து போகிறது. அந்த ஐந்தரை ஏக்கரின் விலையைக் கொண்டு கிராமம் முழுவதன் மதிப்பும் கணக்கிடப்படுகிறது.

இதில் இன்னொரு உண்மையும் அடங்கியுள்ளது. நூறு பங்கு வைத்திருக்கும் சிறு முதலீட்டாளரால் நிறுவனத்தின் எந்த முடிவையும் மாற்ற முடியாது. சந்தை விலை என்பது அத்தகைய அதிகாரமற்ற பங்கின் விலை. நிர்வாகத்தை நியமிக்கும், இருப்பை வெளியே எடுக்கும், விரிவாக்கத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்துடன் வரும் பங்குத் தொகுதியின் மதிப்பு அதைவிடப் பெரிது. எனவே ஒரு கேந்திர விற்பனையைச் சந்தை விலைக்குத்தானே விற்றோம் என்று அரசு நியாயப்படுத்தினால், அந்தப் பதிலிலேயே குற்றம் ஒளிந்திருக்கிறது.

பின்னறிவின் பொறி

தனியார்மய ஆதரவாளர்களிடம் வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதற்கு முகங்கொடுக்காமல் வாதம் முழுமை பெறாது. 2024இன் விலையைக் காட்டி 2002இன் விலை தவறு என்று நிறுவ முடியாது என்கிறார்கள். அன்று துத்தநாகம் உலகச் சந்தையில் அடிமட்டத்தில் கிடந்தது. டன் ஒன்று சுமார் 800 டாலர். 2006இன் இறுதியில் அது 4,000 டாலரைத் தாண்டியது. புதிய நிர்வாகம் உற்பத்தியையும் பன்மடங்கு பெருக்கியது. வந்த ஆதாயம் இவற்றின் விளைவு; விற்றவர் குற்றம் அதில் என்ன?

இந்த மறுப்பின் ஒரு பாதி சரி. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளப்பது பிழை. விலை வரலாறு என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் நடந்தது என்று தானாகச் சொல்லாது. ஆகவே 2002இல் அரசின் மேசையில் என்ன இருந்தது என்பதையே பார்க்க வேண்டும்.

உலோக விலை ஏறியிறங்கும் தன்மையுடையது என்பது அன்றும் எவரும் அறிந்ததே. விலை தாழ்ந்து கிடக்கும் வேளையில், விற்றே ஆக வேண்டிய நெருக்கடி எதுவும் இல்லாத ஓர் உரிமையாளர், பல பத்தாண்டு வளமுள்ள சுரங்கத்தை விற்க முன்வந்ததுதான் முதல் கேள்வி. விற்ற அரசு அதை வணிக முடிவாகக்கூட எடுக்கவில்லை. பொதுத்துறையைக் கைகழுவ வேண்டும் என்ற கொள்கை முடிவை முதலில் எடுத்துவிட்டு, விலையைப் பின்னர் தேடியது.

உற்பத்திப் பெருக்கத்துக்கான மூலதனமும் வானத்திலிருந்து விழவில்லை. அகூச்சாவின் தாதுவிலிருந்து கிடைத்த வருவாயே அடுத்த விரிவாக்கத்துக்கு ஊற்றாக இருந்தது. படிவைக் கண்டறிந்து, சுரங்கம் தோண்டி, உருக்காலைகள் கட்டி, திறன்மிக்க தொழிலாளர் படையை உருவாக்கிய செலவும் உழைப்பும் பொதுத்துறைக் காலத்தவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமை. எதிர்காலம் யாருக்கும் தெரியாது என்பது மெய்யானால், எதிர்காலத்தின் இடர் இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தமோ வாங்கியவருக்குக் காத்திருந்து பார்க்கும் வசதியைக் கொடுத்தது. விலை விழுந்திருந்தால் அவர் 18.92 விழுக்காட்டை வாங்காமலே இருந்திருக்கலாம். ஏறினால் பழைய விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். 2003 ஆகஸ்டில் சந்தை விலை பழைய விலையைவிட உயர்ந்திருந்தது, அவர் எடுத்துக்கொண்டார். ஏற்றம் தனியாருக்கு, இறக்கம் அரசுக்கு. இதைக் கண்டறியப் பின்னறிவு தேவையில்லை; கையெழுத்திட்ட நாளிலேயே தாளில் தெரிந்தது. 2009இல் எஞ்சிய பங்குகளையும் இதே வழியில் அக்குழுமம் கோரியபோது அரசு மறுத்தது. ஒப்பந்தத்தின் அந்தப் பகுதி எத்தகையது என்பதற்கு அந்த மறுப்பே போதிய விளக்கம்.

பொதுத்துறை அதிகாரிகள் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2021 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் 2002 விற்பனை குறித்து முறையான வழக்குப் பதிந்து விசாரிக்குமாறு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு ஆணையிட்டது. ஆனால் எஞ்சிய பங்குகளை வெளிச்சந்தையில் விற்க அரசுக்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. விசாரணைக்குரியது என்று கருதப்பட்ட ஒரு விற்பனையின் மிச்சத்தை விற்கும் வழி திறந்தே விடப்பட்டது.

இறங்கினாலும் ஏறினாலும்

விலையைப் பயன்படுத்துவதில் இடதுசாரிகள் தாமே விழக்கூடிய ஒரு குழியும் உண்டு. எல்ஐசியின் பங்கு வெளியீடு அதற்கு எடுத்துக்காட்டு. 2022 மே மாதம் அதன் 3.5 விழுக்காட்டுப் பங்குகள் 949 ரூபாய் விலையில் விற்கப்பட்டன. மே 17 அன்று சந்தைக்கு வந்தபோதே விலை 900க்குக் கீழே போனது. 2023 மார்ச்சில் 530 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. வெளியீடு தோல்வி, எனவே தனியார்மயம் தோல்வி என்று முடிவு கட்டுவது அப்போது எளிதாக இருந்தது. 2024 பிப்ரவரியில் அதே பங்கு 1,000 ரூபாயைத் தாண்டியது. விலை விழுந்ததைச் சான்றாகக் காட்டியவர் அன்று என்ன சொல்ல முடியும்?

எல்ஐசி பங்கு விற்பனைக்கான எதிர்ப்பு ஒருபோதும் விலையைச் சார்ந்ததன்று. 5 கோடி ரூபாய் அரசு மூலதனத்தில் 1956இல் தொடங்கி, பாலிசிதாரர்களின் சேமிப்பால் வளர்ந்து, தன் உபரியில் 95 விழுக்காட்டை அவர்களுக்கே திருப்பித் தந்துவந்த ஒரு நிறுவனத்தில், பங்குதாரர் என்ற புதிய உரிமையாளரை நுழைப்பதே எதிர்க்கப்பட்டது. பங்கு விலை உயர உயர, அந்த உபரியில் பங்குதாரர் கேட்கும் பகுதியும் உயரும். அப்படிப் பார்த்தால், விலை ஏறுவதுதான் பாலிசிதாரருக்குப் பெரிய அபாயம். கொள்கை வாதத்தை விலைக் கோட்டில் தொங்கவிட்டால் கோடு வளையும்போது வாதமும் வளையும்.

விலை என்பது உண்மையின் அளவுகோலும் அல்ல. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்குகள் பொய்யானவை என்று ஒப்புக்கொண்டார். முந்தைய நாள் 179 ரூபாயாக இருந்த பங்கு அன்று 40 ரூபாய் அளவில் முடிந்தது. பல ஆண்டுகளாக அப்பங்கின் விலைக் கோடு காட்டியது, இல்லாத பணத்தின் மேல் சந்தை வைத்திருந்த நம்பிக்கையை. மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் பங்குகளைக் கற்பனை மூலதனத்தின் ஒரு வடிவமாக விளக்கியதன் பொருள் இங்கே விளங்கும். பங்கு என்பது ஆலையோ சுரங்கமோ அன்று. அங்கே இனி உருவாகப்போகும் உபரியின் மீதான உரிமைச் சீட்டு. உபரியைப் பற்றிய எதிர்பார்ப்பு மாறினால், ஒரு செங்கல்கூட அசையாமலேயே சீட்டின் விலை ஏறும், இறங்கும்.

உழைப்பவர் வீட்டுக்குள் சந்தை

இவையெல்லாம் மேடைப் பேச்சுக்கு மட்டும் பயன்படும் அறிவு அன்று. 2015 ஆகஸ்ட் முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் புதிதாகச் சேரும் பணத்தின் ஒரு பகுதி பங்குச் சந்தை நிதிகளில் போடப்படுகிறது. 5 விழுக்காட்டில் தொடங்கி அது 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. புதிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வரும் ஊழியரின் முதுமை முழுவதுமே சந்தையுடன் பிணைக்கப்பட்டுள்ளது. கேட்காமலே தொழிலாளி பங்குதாரராக்கப்பட்டுவிட்டார். ஆனால் பங்குதாரருக்குரிய வாக்கு அவரிடம் இல்லை.

மறுபுறம், நிலையான வேலை கிடைக்காத இளைஞர்கள் கைபேசிச் செயலிகள் வழியே எதிர்கால ஒப்பந்த வணிகத்துக்குள் இழுக்கப்படுகிறார்கள். செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தனர்; மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். பழைய விலைக் கோட்டைக் காட்டி நாளைய விலையைச் சொல்லித் தருவதாகக் கூறும் பயிற்சி வகுப்புகள் இந்த இழப்பின் மீதே தழைக்கின்றன. நேற்றைய கோட்டுக்கு நாளை கட்டுப்படாது. ஜெயித்த நிறுவனங்களின் பழைய விலையை மட்டும் காட்டி, அன்று வாங்கியிருந்தால் இன்று கோடீஸ்வரர் என்று ஆசை காட்டுவோர், மறைந்த நிறுவனங்களின் பட்டியலைக் காட்டுவதில்லை. ஒரு காலத்தில் சென்செக்ஸ் பட்டியலில் இடம்பெற்றிருந்த இந்துஸ்தான் மோட்டார்சும் பிரீமியர் ஆட்டோமொபைல்சும் இன்று கார் தயாரிப்பதில்லை. கட்சிக் கிளைகளில் உள்ள தோழர்களின் பிள்ளைகளுக்கும் இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியது

பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் பங்கு விற்பனைக்கு வரும்போது, அந்தத் துறையின் தொழிற்சங்கமும் கட்சிக் கிளையும் ஒரு தாளில் ஐந்து வரிகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். பங்கு பிரிந்திருக்கிறதா, போனஸ் பங்கு வந்திருக்கிறதா என்பது ஒன்று. இதுவரை வழங்கப்பட்ட ஈவுத்தொகை எவ்வளவு என்பது இரண்டு. விலைவாசியைக் கழித்தபின் எஞ்சுவது என்ன என்பது மூன்று. எத்தனை விழுக்காட்டுப் பங்குகள் உண்மையில் சந்தையில் புழங்குகின்றன, நிர்வாக அதிகாரம் கைமாறுகிறதா என்பது நான்கு. ஒப்பந்தத்தில் பின்னாளில் பயன்படும் உரிமைகள் யாருக்கு எழுதப்பட்டுள்ளன என்பது ஐந்து. இந்த ஐந்தும் தெரிந்த பேச்சாளரை எந்த நிதியமைச்சகச் செய்திக்குறிப்பும் வாயடைக்க முடியாது.

இந்துஸ்தான் ஜிங்கைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. 2023 ஜனவரியில் அந்நிறுவனம், தன் தாய்க் குழுமத்தின் வெளிநாட்டுத் துத்தநாகச் சொத்துகளை ஏறத்தாழ 298 கோடி டாலருக்கு வாங்க முடிவெடுத்தது. இந்துஸ்தான் ஜிங்கின் பணம் அதன் பெரும்பங்கு முதலாளியின் கைக்கே போயிருக்கும். அரசு சிறுபான்மைப் பங்குதாரராக எதிர்த்தது, திட்டம் காலாவதியானது. அரசிடம் எஞ்சிய பங்கு செத்த பணம் அன்று, அது ஒரு காவல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நிறுவனங்கள் சட்டத்தின்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்குகள் தேவை. 25 விழுக்காட்டுக்கு மேல் கையில் உள்ளவரால் அதைத் தடுக்க முடியும்.

அப்படியிருந்தும், 2024 மே மாதம் 800 ரூபாயைத் தொட்டிருந்த பங்கை, ஆறு மாதம் கழித்து, முந்தைய நாள் சந்தை விலையைவிடவும் குறைத்து 505 ரூபாய் என விலை குறித்து அரசு விற்றது. கிடைத்தது சுமார் 3,400 கோடி ரூபாய். அரசின் பங்கு 28 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. இன்னும் மூன்று விழுக்காடு விற்றால் அந்தக் காவலும் போய்விடும். எந்த விலை கிடைத்தாலும் அந்த எல்லையை அரசு தாண்டக்கூடாது என்ற கோரிக்கையை நாடாளுமன்றத்திலும், உதய்ப்பூரின் சுரங்க வாயில்களிலும், நாடெங்கும் பொதுத்துறைப் பாதுகாப்பு மேடைகளிலும் எழுப்ப வேண்டியுள்ளது.

40 ரூபாய் 51 காசு என்ற எண் அந்த மேடைகளில் இனியும் ஒலிக்கட்டும். ஆனால் அது 4 ரூபாய் 5 காசு என்பதும், அதன் மேல் ஒரே ஆண்டில் 75 ரூபாய் 50 காசு ஈவுத்தொகையாக அள்ளப்பட்டது என்பதும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும்.